அரை மணி, இரண்டு பேர்

கத்திரி வெயில். வேலூர்
அடுப்பில் மறந்த பால் குக்கராய்க் கூவிக்கொண்டிருந்தது.
"மலைக்காவது போலாமா நைனா?"
வேண்டாம் என்றார். பிறகு பையில்
இரண்டு வேட்டியும் விக்ஸும் எடுத்து வைத்தார்.
ஏலகிரி. மூன்று நாள்.

பொன்னேரியில் ஏறிய பஸ்ஸில்
உட்காராமல் கம்பியைப் பிடித்து நின்றார்.
முப்பத்தோரு வருஷம் கண்டக்டர்.
காலி சீட்டைப் பார்த்தால்
இன்னும் ஏறாத யாருக்கோ அது என்று நினைப்பவர்.

புங்கனூர் ஏரியில் மிதிபடகு.
எனக்குத் தண்ணீரைக் கண்டால் தலை சுற்றும்.
அவருக்கு ஆசை. சொல்லமாட்டார்,
விலைப்பலகையை இரண்டு தரம் படிப்பார்.

"ஒத்த ஆள ஏத்த முடியாது சார்,
ஒரு பக்கமா சாஞ்சிடும்" என்றான் படகுக்காரப் பையன்.
"ஒத்த ஆளாத்தான் கீறேன்" என்றார் நைனா,
சில்லறை இல்லை என்று சொல்லும் அதே குரலில்.

வரிசையில் பின்னால் ஓர் அம்மாள்,
பருத்திப் புடவைக்குக் கீழே கான்வாஸ் ஷூ,
கையில் பலாச்சுளைப் பொட்டலம்.
"நானும் ஒத்த ஆள்தான்.
நீங்க மிதிப்பீங்களா, இல்ல
நான் மட்டும் மிதிக்கணுமா?"

படகு முதலில் நின்ற இடத்திலேயே வட்டம் போட்டது.
இவர் வேகம் வேறு, அவர் வேகம் வேறு.
கரையில் நான் சோளக்கதிர் கடித்தபடி சிரித்தேன்.
கதிர் பாதி முடிவதற்குள்
படகு நேராகிப் போயிருந்தது.
நேரமாகிவிட்டது என்று பையன் விசில் அடித்தான்.
ஒரு விசில் என்றால் நிறுத்தம்;
நைனாவுக்குத் தெரியாததா?
மிதித்துக்கொண்டே போனார்.

எஸ்தர் ராணி. தோட்டப்பாளையம்.
பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை,
ஓய்வு பெற்று இரண்டு வருஷம்,
கணவர் போய்ப் பதினொன்று.
அம்மாவின் ரத்தத்தையும் ஒருநாள் இவர்
கண்ணாடித் துண்டில் தேய்த்துப் பார்த்திருக்கலாம்.
நான் கேட்கவில்லை.
நைனா கேட்டிருப்பார்.

மூன்றாம் நாள் விடியலில்
விடுதி வாசலில் ஸ்வெட்டர் இல்லாமல் நின்றிருந்தார்.
குளிரவில்லையாம்.
விக்ஸ் மூடி திறக்கப்படாமலே ஊர் திரும்பியது.

மலையில் நடந்தது மலையோடு என்றிருந்தேன்.
ஆடியில் ஒருநாள் சத்துவாச்சாரி வீட்டில்
முள்ளுக் கத்திரிக்காய் இரண்டு கிலோ.
"ஒரு ஆளுக்கு எதுக்கு இவ்ளோ?"
பதில் சொல்லாமல் பாதியைத் தனிப்பையில் கட்டினார்,
காம்பு முள் கை குத்தாதபடி
பேப்பர் சுற்றி.

அன்றைக்குத்தான் கேட்டேன்.
ரேஷன் கார்டில் அம்மா பேரை
நாலு வருஷமாக எடுக்காத மனுஷன்தானே நீ?
அம்மா கட்டிலில் யார் படுக்கப்போகிறார்கள்?

நைனா கத்திரிக்காயைப் பார்த்தபடி சொன்னார்:
"கட்டிலை நீ எடுத்துக்கோம்மா.
அவ போனதுலேர்ந்து நான் பாயிலதான் படுக்கறேன்."

எனக்குத் தெரியாது.
மாதம் இரண்டு தரம் வருகிறேன்,
எனக்குத் தெரியாது.

மூன்று வாரம் போன் செய்யவில்லை.
அவரும் செய்யவில்லை;
எங்கள் வீட்டு வீம்பு அது, அம்மா வழி இல்லை.

போன வியாழன் கிரீன் சர்க்கிள் சிக்னலில்
என் ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் பாகாயம் பஸ் வந்து நின்றது.
ஜன்னலோரம் எஸ்தர்,
காற்றுக்கு முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு.
பக்கத்தில் நைனா.
உட்கார்ந்திருந்தார்.
ஒரு கை மட்டும் பழக்க தோஷத்தில்
முன்சீட்டுக் கம்பியைப் பிடித்திருந்தது.
ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், நிறுத்தாமல்.
வீட்டில் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

கூப்பிட வாயெடுத்தேன்.
உள்ளேயிருந்து இரண்டு விசில்.
பஸ் நகர்ந்தது.
எனக்குப் பின்னால் யாரோ ஹாரனை அழுத்தித் திட்டினார்கள்.
பச்சை விழுந்து
வெகுநேரம் ஆகியிருந்தது.